மூன்று பிளவுஸ், நான்கு சாறி

2024 ஜூன் 2, ஞாயிறு

ஜூலை 1, திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் கடமையேற்க வேண்டும். கையில் இருப்பது 15,000 ரூபா, சீட்டுக் காசின் மிச்சம். முதல் சம்பளம் வரும்வரைக்கும் உடுப்புக்கு இதற்குமேல் ஒரு சதமும் எடுப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அலுமாரியில் இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டினேன். கலியாண வீட்டுக்குக் கட்டுகிற மினுக்குச் சாறிகள்தான். அலுவலகத்துக்கு ஆகாது. அம்மாவின் பெட்டியைக் கிளறியதில் இரண்டு நூல் சாறி கிடைத்தன. ஒன்று சாம்பல், மற்றது கரும்பச்சை. சாம்பலின் கீழ்க்கரை செருப்பில் மாட்டி ஒரு சாண் கிழிந்திருக்கிறது. பரவாயில்லை, துணி இன்னும் உறுதி.

ஜூன் 5, புதன்

அவசரப்பட்டுவிட்டேன். தெருவோரத்தில் குவித்து விற்ற நீலச் சாறி, 1,450 ரூபா. மடிப்பு நன்றாக நின்றதால் எடுத்தேன். பின்னேரம் கட்டிப் பார்த்தேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற இந்த வெக்கையில் பத்தே நிமிடத்தில் முதுகெல்லாம் ஒட்டிக்கொண்டது. நூல் என்று சொல்லி விற்றார்கள், தொட்டால் முழுக்க நைலோன். அம்மா திட்டவில்லை. “மாரிக்கு வை மகள், நனைஞ்சா கெதியா காயும்” என்றார்.

ஜூன் 8, சனி

காத்தான்குடி. 17ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள், பிரதான வீதிக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. சாறியை ஒன்றும் பார்க்கவில்லை, பிளவுஸ் துணி மட்டும்தான். கறுப்பு, மெரூன், சந்தனம், மூன்றும் சாயம் ஒரே சீரான பருத்தி. ஒவ்வொரு சாறிக்கும் தனிப் பிளவுஸ் தைத்தால் காசு தையலிலேயே போய்விடும். இந்த மூன்று நிறமும் எந்தச் சாறியோடும் போகும். துணி 1,800, உள்துணி 750.

ஜூன் 9, ஞாயிறு

துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தேன். பருத்தி சுருங்குவதானால் வெட்டுமுன் சுருங்கட்டும். பின்னேரம் தையல் அக்காவிடம் கொடுத்தேன். மூன்றுக்கும் 3,600. கூலி கூடத்தான், ஆனால் அவ கைபட்ட தோள் ஒருநாளும் இழுக்காது. “உள்ளுக்க ஒன்றரை அங்குலம் விட்டுத் தைக்கிறன், உடம்பு வச்சாப் பிரிச்சு விடலாம்” என்றா. மெரூனில் மிஞ்சும் துண்டைச் சாம்பல் சாறியின் கிழிந்த கரைக்கு வைத்துத் தரவும் கேட்டேன்.

ஜூன் 22, சனி

நேற்று பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. இன்று காலையில் கல்முனை பஸ் ஏறி, பெரியநீலாவணை தாண்டியதும் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் இறங்கினேன். எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்துபோன ஊர், இறங்கியது இன்றுதான். உள்வீதியில் நடக்கும்போதே தறிச் சத்தம் கேட்டது. டக், டக், நடுவில் ஒரு சின்ன இடைவெளி. நெய்துகொண்டிருந்த காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலை மிதியில் இருந்து எடுக்காமலே “வாங்க தங்கச்சி” என்றார்.

சந்தன நிற உடல், மெரூன் கரை. விலை கேட்கமுன் முந்தானையைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல இருந்தது. கரையோரத்தை விரலால் தடவினால் ஊசி குத்தினதுபோல் நுண்ணிய துளைகள் வரிசையாக ஓடுகின்றன. பிழையோ என்று கேட்டேன். “பிழை இல்ல. துணி சுருங்காம இழுத்துப் பிடிக்கிற கட்டையில முள் இரிக்கி, அதுட அடையாளம். கைத்தறி எண்டுறதுக்கு அதுதான் சாட்சி” என்றார்.

2004 சுனாமியில் வீட்டோடு தறியும் போனதையும் சொன்னார். திரும்பத் தறி பூட்டி உட்கார்ந்த மனிதரிடம் நூறு ரூபாவுக்குப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. 3,800 கொடுத்தேன். கொடுத்ததில் ஒரு சதமும் வீணில்லை.

ஜூன் 29, சனி

பிளவுஸ் வந்துவிட்டது. சாம்பல் சாறிக்கு இரண்டு அங்குல மெரூன் கரை, புதுச்சாறி மாதிரியே இருக்கிறது. உள்பாவாடை இரண்டு 1,500, கறுப்புச் செருப்பு 1,600. மிச்சம் 500, பஸ்ஸுக்கே சரி.

ஜூலை 5, வெள்ளி

ஐந்து நாளும் போனது. திங்கள் மருதமுனைச் சாறி, மெரூன் பிளவுஸ். செவ்வாய் பச்சைக்குக் கறுப்பு, புதன் சாம்பலுக்கு மெரூன், நேற்றுத் திரும்பப் பச்சை, ஆனால் சந்தனப் பிளவுஸ். இன்று சாம்பலுக்குக் கறுப்பு. நீலத்தைத் தொடவில்லை. பக்கத்து மேசை அக்கா என் கரையைத் தொட்டுப் பார்த்து எங்கே எடுத்தது என்று கேட்டா. அம்மாவின் சாறி என்றேன். அவவுக்கு நம்ப முடியவில்லை, கரையைத் திருப்பித் தையலைக் காட்டினேன்.

மருதமுனைச் சாறியைப் பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, வெயில் படாமல் விறாந்தையில் போட்டிருக்கிறேன். முதல் அலசலில் கொஞ்சம் சாயம் விட்டது, இரண்டாவதில் தண்ணீர் தெளிவு. திங்கட்கிழமைக்கு அதுதான்.