வயித்துக்குள்ள ஒரு குடித்தனம்

ஜூலை 6, 2025, ஞாயிறு

காலைல வெயிட் மெஷின்ல ஏறினா 71.4. போன தீபாவளி பிளவுசுல உள்ள மடிச்சு விட்டிருந்த துணியெல்லாம் பிரிச்சு விட்டாச்சு, இனிமே பிரிக்க எதுவும் இல்ல. டேப் எடுத்து இடுப்ப அளந்தேன், முப்பத்தாறரை இன்ச். நம்மூரு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இன்ச் தாண்டினாலே உஷாரா இருக்கணுமாம், நான் எப்பவோ தாண்டிட்டேன்.

போன மாசம் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் போட்டதுலேர்ந்தே வயிறு சரியில்ல. ஒரு நாள் பேதி, மறுநாள் கல்லு மாதிரி. எம்.சி.ரோடு கடைல கல்லாவுல உக்காந்திருக்கறப்போ மதியம் மூணு மணிக்கு கரெக்டா வயிறு கடமுடான்னு சத்தம் போடுது, நைட்டி பாக்க வந்த அக்கா நிமிர்ந்து என்னயே பாக்குறாங்க. நேத்து ராத்திரி போன்ல ஒரு விளம்பரம், எடை ஏறறதுக்கு காரணமே குடல்தான்னு, நல்ல பாக்டீரியா பவுடராம், ஒரு மாசத்துக்கு 1,899 ரூபா. ஆர்டர் போட்டுட்டேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல.

ஜூலை 10, வியாழன்

பவுடர் வந்துடுச்சு. மாங்கா வாசனை. தண்ணில கலக்கினா நுரைக்குது. அத்தை பாத்துட்டு "இன்னாம்மா அது"ன்னாங்க, வயித்துல நல்ல பாக்டீரியா வளர்றதுக்குன்னேன். "பூச்சி வளக்கறியா? கெவுர்மென்ட்டுல பூச்சி சாவறதுக்கு மாத்திரை தராங்க, நீ துட்டு குடுத்து வளக்கற."

அது பூச்சி இல்ல அத்தை, கண்ணுக்கே தெரியாதது, சுமார் 38 லட்சம் கோடி இருக்காம், உடம்புல இருக்கற நம்ம செல்லு எண்ணிக்கைக்கு கிட்டத்தட்ட சமம், பெரும்பாலும் பெருங்குடல்லதான் குடியிருக்குன்னு சொன்னேன். அத்தை யோசிச்சு "அவ்ளோ பேரு குடித்தனம் கீறாங்க, வாடகை ஏதாச்சும் தராங்களா"ன்னாங்க. சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி படுத்துட்டு படிச்சா நிஜமாவே வாடகை தருதுங்க! நம்மால ஜீரணிக்க முடியாத நாருச்சத்து பெருங்குடலுக்கு போறப்போ அதுங்க அத புளிக்க வச்சு அசிட்டேட், ப்ரோப்பியோனேட், பியூட்டிரேட்னு சின்ன சின்ன கொழுப்பு அமிலமா மாத்துதுங்க. அதுல பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரு செல்லுக்கு முக்கியமான சாப்பாடு. அது போக இந்த அமிலங்க குடல்ல ஜிஎல்பி-1, பிஒய்ஒய்னு ரெண்டு ஹார்மோன தூண்டி விடுமாம், அதுங்கதான் போதும் எந்திரின்னு மூளைக்கு சொல்றது. எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

ஜூலை 13, ஞாயிறு

70.6! பவுடர் வேலை செய்யுதுன்னு குதிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, வெள்ளி சனி ரெண்டு நாளும் பேதி.

ஜூலை 14, திங்கள்

71.3. சொன்னேன்ல.

ராத்திரி பூரா எலி கதை படிச்சேன். அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல ஜெஃப்ரி கார்டன்னு ஒருத்தரோட லேப்தான் குடல் பாக்டீரியாவுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறதுக்கெல்லாம் ஆரம்பம். பொறந்ததுலேர்ந்து ஒரு பாக்டீரியாவும் இல்லாம வளத்த எலிக்கு சாதா எலியோட குடல் பாக்டீரியாவ குடுத்தாங்க, 2004ல. தீனி முன்ன விட கம்மியா தின்னாலும் ரெண்டு வாரத்துல உடம்புல கொழுப்பு பாதிக்கு மேல ஏறிடுச்சு. 2013ல இன்னொண்ணு, இதுதான் எனக்கு புடிச்சுது. இரட்டையா பொறந்தவங்கள்ல ஒருத்தர் குண்டு, ஒருத்தர் ஒல்லி, அப்படி நாலு ஜோடி. அவங்க மலத்துலேர்ந்து எடுத்த பாக்டீரியாவ எலிக்குள்ள விட்டா, குண்டானவங்களோடது போன எலி கொழுப்பு வச்சுது, இன்னொண்ணு ஒல்லியாவே இருந்துச்சு. ரெண்டையும் ஒரே கூண்டுல விட்டாங்க (எலி ஒண்ணோட கழிவ இன்னொண்ணு திங்கும், சாரி, இதயும் எழுதித்தான் ஆகணும்), ஒல்லி எலியோட பாக்டீரியா மத்ததுக்குள்ள குடியேறி அது குண்டாவறத தடுத்துடுச்சு. ஆனா கொழுப்பு கம்மியா நாருச்சத்து ஜாஸ்தியா தீனி போட்டப்போ மட்டும்தான். தீனிய கெடுத்தா அதுங்க வந்தும் தங்கல.

அப்போ நான் வடையும் பரோட்டாவும் துன்னுட்டு மேல மாங்கா பவுடர் குடிச்சா? 1,899 ரூபா.

ஜூலை 15, செவ்வாய்

சாயங்காலம் கடை விட்டு டாக்டர்கிட்ட போனேன். பவுடர் டப்பாவ பின்னாடி திருப்பி பாத்துட்டு "குடிச்சா தப்பில்ல, இளைக்கறதுக்கு நம்பாதீங்கம்மா"ன்னார். எலி வேற மனுசன் வேறயாம். ஒல்லியானவங்க மலத்துலேர்ந்து கேப்சூல் செஞ்சு குண்டானவங்களுக்கு குடுத்து அமெரிக்காலயே பாத்திருக்காங்க, 2020ல ரெண்டு சின்ன ஆராய்ச்சி வந்துச்சு, பாக்டீரியா மாறுச்சு, எடை இறங்கல. குண்டா இருக்கறவங்க குடல்ல இந்த ஜாதி பாக்டீரியா ஜாஸ்தி அந்த ஜாதி கம்மின்னு முன்ன சொன்ன கணக்கும் நெறைய பேர வச்சு பாத்தப்போ சரியா நிக்கலையாம்.

இந்த வருசம் மார்ச்சுல எடை குறைக்க மௌஞ்சாரோன்னு ஊசி வந்துச்சே, அது போடலாமான்னு கேட்டேன். அதுவும் ஜிஎல்பி-1 வேலைய செய்யறதுதான், ஆனா குடல் விடறத விட எவ்வளவோ பலமா, ரொம்ப நேரத்துக்கு, அத இப்ப பேச வேணாம்னார். அப்புறம் "ஒரு நாளைக்கு காய் எவ்ளோ சாப்டறீங்க"ன்னார். சாம்பார்ல கெடக்குமே சார்னேன். ரெண்டு செகண்டு என்னயே பாத்தார்.

ஜூலை 19, சனி

ஆடி பொறந்து மூணாவது நாள். நாளைக்கு தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க, நம்ம வீட்லேர்ந்தும் ஒரு அண்டா. நேத்தே அத்தை கேழ்வரகு மாவ கரைச்சு வச்சுட்டாங்க, இன்னிக்கு மூடிய தொறந்தா மேல குட்டி குட்டி நுரை, புளிச்ச வாசனை. நொய்ய வேக வச்சு, அதுல இந்த மாவ ஊத்தி கட்டி தட்டாம கிண்டணும், கை வலிச்சு மாத்தி மாத்தி கிண்டினோம்.

எனக்கு டவுட்டு, கொதிச்சா நல்ல பாக்டீரியா செத்துடாதா? அத்தை துடுப்ப தூக்கிட்டு "அதான் ராவெல்லாம் வைக்கிறோமே, பயையசோறு மட்டும் வேகாமயா கீது"ன்னாங்க. கரெக்டுதான். வெந்ததுக்கப்புறம் ராத்திரில வந்து சேர்றதுதான் அதுல இருக்கறது, காலைல மோரு ஊத்தறப்போ இன்னும் சேருது. பழைய சோத்த வச்சு நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரிலயே ஆராய்ச்சி எடுத்திருக்காங்க, ஆனா அது குடல் அழற்சிக்கு, இளைக்க இல்ல. இத யாரும் சேத்து சொல்றதில்ல, வாட்சப்புல பழைய சோறுன்னாலே எல்லா வியாதியும் போயிடும்.

நாருச்சத்து கணக்கு பாத்தேன். 100 கிராம் கேழ்வரகுல சுமார் 11 கிராம், தீட்டின அரிசில மூணு கிராமுக்கும் கம்மி. ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேணும்னு டபிள்யூ.எச்.ஓ. சொல்லுது. மூணு வேளையும் அரிசி துன்னா எங்கேர்ந்து வரும்.

ஜூலை 20, ஞாயிறு

ரெண்டு சொம்பு கூழு, முருங்கக்கீரை, கருவாட்டு குழம்பு. மத்தியானம் பூரா வயிறு உப்பி பலூன். திடீர்னு நாரு ஏத்தினா இப்படித்தான் கேஸ் கட்டுமாம், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். இத யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

70.1, இடுப்பு முப்பத்தாறு. காலைல கூழு இல்லன்னா கம்பு, மதியம் சோத்த பாதியாக்கி அவரக்கா, கொத்தவரங்கா, சுண்டல். கூழாலயா, சோறு கொறஞ்சதாலயா, சாயங்கால பஜ்ஜிய விட்டதாலயா தெரியல, என்னோட சந்தேகம் பஜ்ஜி மேல. ஆனா மூணு மணி சத்தம் நின்னுடுச்சு, பத்து நாளா பேதியும் இல்ல கல்லும் இல்ல. அவருக்கு பவுடர் விசயம் தெரிஞ்சு போச்சு, ஒண்ணும் சொல்லல, விலைய மட்டும் ரெண்டு தடவ கேட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

70.3. ஏறியிருக்கு. போகட்டும்.

பவுடர் நேத்தோட தீந்துது, திரும்ப வாங்கல. டப்பாவ தூக்கி போடலாம்னு தேடினா காணோம். அத்தை கழுவி காய வச்சு, காலைல காசிமேட்டுலேர்ந்து வாங்கியாந்த நெத்திலி கருவாட அதுல போட்டு மேல் பலகைல வச்சிருக்காங்க. மூடி நல்லா டைட்டா கீதாம், வாசனையே வெளிய வரலயாம்.