மதிப்பெண் இல்லாத மதிய உணவு

நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களை மதியம் சாப்பிட அழைத்துப்போகும் பொறுப்பை நான் விரும்பித்தான் ஏற்றுக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. வந்தவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்; கேட்டது தேர்வுக் குழுவின் காதுக்குப் போகக் கூடாது. அந்த விதியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அதனால்தான் அந்தப் பெண் கேட்டது இன்னும் என்னை விடவில்லை.

2018 கோடைக்காலம். சிலிக்கான் பள்ளத்தாக்கில் எங்கள் நிறுவனத்தின் புதிய தலைமையகத்துக்கு அப்போதுதான் வந்திருந்தோம். தரைவிரிப்பின் பசை வாசனைகூடப் போகவில்லை. அவர் சான் ஹோசேயில் முதுகலை முடித்தவர், மதுரைப் பக்கம். ஊர் தெரிந்ததும் பேச்சு தமிழுக்கு மாறிவிட்டது. சட்டையில் ஒட்டியிருந்த பார்வையாளர் சீட்டின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே கேட்டார்: "இங்கே வேலை பார்ப்பதை வெளியே சொல்லிக்கொள்ள உங்களுக்குக் கூச்சமாக இல்லையா அண்ணா?"

எங்கள் செயலி பயனாளர்களின் இருப்பிடத்தைச் சொல்லாமல் சேகரித்தது அதற்குச் சில மாதங்கள் முன்புதான் செய்தியாகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் நிறுவனத்தின் பெயர் போட்ட மேல்சட்டையோடு லிவர்மோர் கோயிலுக்குப் போனால், பிரசாத வரிசையிலேயே யாராவது தம் பிள்ளையின் பயோடேட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். செய்தி வந்த பிறகு, "இன்றைக்கு வேறு சட்டை போட்டுக்கொள்ளுங்களேன்" என்றாள் என் மனைவி.

நான் நேராகப் பதில் சொல்லவில்லை. மென்லோ பார்க் பலகையைப் பற்றிச் சொன்னேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் அங்கே இருந்த வளாகத்துக்கு 2011இல் பேஸ்புக் வந்தபோது, வாசல் பலகையின் ஒரு பக்கத்தில் தன் 'லைக்' சின்னமான கட்டைவிரலைப் பதித்துக்கொண்டு மறுபக்கத்தில் சன் பெயரை அப்படியே விட்டுவைத்தது. 1982இல் தொடங்கி, ஜாவா என்ற நிரல்மொழியைத் தந்து, கடைசியில் 740 கோடி டாலருக்கு ஆரக்கிள் நிறுவனத்திடம் போன நிறுவனம் அது. எந்த நிறுவனத்துக்கும் ஏற்ற இறக்கம் உண்டு, இதுவும் கடந்துபோகும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சன் தோற்றுப்போனது, அவ்வளவுதானே? அங்கே வேலை பார்த்த யாரும் தலைகுனியவில்லையே. நான் கேட்டது அது இல்லை அண்ணா" என்றார்.

இந்தப் பேச்சை மனத்துக்குள் எத்தனையோ விதமாக மாற்றிப் பேசிப் பார்த்துவிட்டேன். என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நான் எழுதிய நிரல் இருப்பிடத்தைத் தொடவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு குழு செய்ததற்கு எல்லோரும் கூசிப்போக வேண்டுமா? பிராங்க் கெரி வடிவமைத்த புதிய கட்டடத்துக்கு பேஸ்புக் 2015இல் குடிபோனது. பேஸ்புக் பயனாளர்களின் தகவல்கள் அவர்களைக் கேட்காமலே வெளியே போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தது, 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதில் கையே இல்லை.

ஆனால் இப்படிச் சொல்லி முடிக்கும்போதே அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று தோன்றிவிடுகிறது. சந்தையில் தோற்பது வேறு, நம்பிக்கையை இழப்பது வேறு. சன் பலகை முதலாவதைத்தான் நினைவூட்டும். சன்னைப்போல ஆகிவிடுவோமோ என்ற பயம்தான் இந்தப் பள்ளத்தாக்கில் பலரைக் கேட்காமல் எடுக்கவும், எடுத்ததைச் சொல்லாமல் விடவும் துரத்துகிறது என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் கூட்டங்களிலும் அந்தப் பயத்தைப் பார்த்திருக்கிறேன்: போட்டி நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடம் திரையில் வந்தால் தனியுரிமை பற்றிக் கேட்க வந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

அன்று மாலை ஆள்சேர்ப்புக் குழுவிலிருந்து, "சாப்பாடு எப்படிப் போனது?" என்று கேட்டார்கள். "நன்றாகப் போனது" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவருக்கு வேலை கொடுத்தார்கள், அவர் மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டுக் கடைசியில், புதிய அரங்கில் எல்லோரையும் கூட்டி, வேலை கொடுத்தும் பலர் ஏன் வருவதில்லை என்று தலைமை விளக்கியது. சம்பளம், வீட்டு வாடகை, பயண தூரம் என்று திரையில் காரணங்கள் வந்தன. அவருடைய கேள்வி அதில் இல்லை. கேள்வி நேரத்தில் மைக் என் வரிசைக்கும் வந்தது. ஒரு மதிய உணவில் நம்பிச் சொன்னதைப் பெயர் சொல்லாமல் எடுத்துவைத்தாலும் அது அவருடையதுதானே என்று இருந்தது. அவர்தான் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாரே, இனி யாருக்கு என்ன கெடுதல் என்றும் இருந்தது. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். வாக்கைக் காப்பாற்றினேன் என்றுதான் இன்றும் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது மனம் முழுதாக ஒப்பவில்லை.