துரு பார்த்து வாங்கிய வண்டி

2024 ஆகஸ்ட் 17, சனி

காலை எட்டு மணிக்கே டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூ ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். 1995-இல் ஃபெர்ன்டேலில் தொடங்கிய ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம், இன்று இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே திருவிழா. தேர் வரும் தெருவில் நிற்பது போல ஜனம் நிற்கிறது. அறுபதுகளின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் தூரத்தில் வரும்போதே அந்த உறுமல் நெஞ்சுக்கூட்டில் தெரிகிறது.

பத்து வருடமாக மிச்சிகனில் இருக்கிறேன். காருக்கான உதிரி பாகங்களைக் கணினியில் வடிவமைப்பதுதான் வேலை. கையில் கிரீஸ் பட்டு எத்தனை நாளாயிற்று! இந்தக் குளிர்காலத்துக்குள் ஒரு பழைய மஸில் கார் நம் கராஜில் நிற்க வேண்டும் என்றேன். பதின்மூன்று வயது மகள் உடனே சரி என்றாள். வண்டிக்கும் சீரமைப்புக்கும் சேர்த்து 20,000 டாலர், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று மனைவி சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மகள் கேட்டாள், மஸில் கார் என்றால் என்ன? நடுத்தர அளவு வண்டியில் பெரிய வண்டியின் எஞ்சினை வைப்பது, அவ்வளவுதான். 1964-இல் பான்டியாக் தன் டெம்பெஸ்ட் வண்டியில் 389 கன அங்குல வி8-ஐ வைத்து ஜிடிஓ என்று விற்றது. இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் எல்லாக் கம்பெனியும் அதே வழி. 1970 வாக்கில் உச்சம். பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. ஆக, நாங்கள் தேடுவது 1964 முதல் 1972 வரை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பார்த்த முதல் வண்டி 1970 ஷெவர்லே ஷெவெல். 'அசல் எஸ்எஸ்', அதாவது அதன் வேக வகை, என்றார் விற்பவர். கேட்ட விலை எங்கள் பட்ஜெட்டில் முக்கால் பங்கு. சேஸிஸ் எண் 136 என்று தொடங்கியது. 1968 வரை எஸ்எஸ் தனி மாடல், எண் 138 என்று தொடங்கும். 1969 முதல் அது ஒரு கூடுதல் தொகுப்பு மட்டுமே. 1970 வண்டியின் எண்ணை வைத்து அசலா, சாதா வகையான மாலிபுவில் எஸ்எஸ் பட்டை ஒட்டியதா என்று சொல்ல முடியாது. என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதி ஆலையில் வண்டியோடு போன தாள், பில்ட் ஷீட், வேண்டும். அது தொலைந்துவிட்டதாம். கேட்கிற விலையோ எஸ்எஸ் என்ற பெயருக்கு. வந்துவிட்டோம்.

செப்டம்பர் 14, சனி

1967 பான்டியாக் ஜிடிஓ. இதில் எண் 242 என்று தொடங்குகிறது, சந்தேகத்துக்கு இடமில்லை, அசல். ஆனால் பின்சக்கரத்துக்கு மேல் வளையும் ஃப்ரேமில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிஸ்கட் போல உள்ளே போனது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு தின்றது. எழுந்து வர மனமே இல்லை.

செப்டம்பர் 21, சனி

இன்று நிறையக் கற்றுக்கொண்ட நாள். 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே (இரண்டு கதவு வண்டி), வெளிர்நீலம். மகளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். மஸ்டாங்கில் பெரிய வசதி, உதிரி பாகம். போல்ட் முதல் முழு பாடி வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

கூட வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசாமல் வண்டியைச் சுற்றி வந்தார். வயது 74. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமக்கில் 'டாட்ஜ் மெயின்' என்று பெயர் பெற்ற க்ரைஸ்லர் ஆலையில், 1980-இல் அதை மூடும்வரை, பாடி பிரிவில் ஸ்பாட் வெல்டிங் செய்தவர். விரல் முட்டியால் கதவின் அடிப்பாகத்தைத் தட்டினார். மேலே டங் டங் என்றது, கீழே டொக் டொக். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கோவையில் சித்தப்பாவின் டிங்கரிங் பட்டறையில் கேட்டு வளர்ந்தது. உள்ளே தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டி. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை.

அப்புறம் அவர் ஒரு குடம் அளவுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கி, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் சல்லடையில் மெதுவாக ஊற்றினார். உள்ளே உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, என் கால் நனையுது!" என்றாள். சல்லடைக்கு அடியில் இருக்கும் தொட்டி போன்ற பகுதி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதை மாற்ற எத்தனையோ ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டுப் பிரிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் அவர் சொன்னது: எஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்துச் சரிசெய்யலாம், பாடியை அப்படிச் செய்ய முடியாது. தகடு நன்றாக இருந்தால் வாங்கு, எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

நான் இதுவரை தேடியது பெயரை. இனி தகட்டைத் தேடப்போகிறேன்.

அக்டோபர் 5, சனி

ஜாக்ஸன் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகை. வைக்கோல் தூசிக்கு நடுவே 1970 பிளிமத் டஸ்டர், க்ரைஸ்லர் கம்பெனி வண்டி. முன்பாதி அப்படியே பிளிமத்தின் சிறிய காரான வேலியன்ட், பின்பாதி மட்டும் புது வடிவம். குறைந்த செலவில் செய்த வண்டி, முதல் ஆண்டிலேயே 2 லட்சத்துக்கு மேல் விற்றது. இந்த வண்டி ஒன்பது வருடத்துக்கு முன்தான் வறண்ட அரிசோனாவிலிருந்து வந்தது. பெயின்ட் வெயிலில் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது, டாஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, எஞ்சின் ஓடவில்லை.

கீழே படுத்தேன். முன்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் டார்ஷன் கம்பிகளின் பின்முனை மாட்டும் குறுக்குச் சட்டம்தான் இதில் உயிர்நாடி. அது உளுத்துப்போனால் முன்பாரத்தைத் தாங்க ஆள் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். டிங் என்றது. லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் கெட்டி. பயணி பக்கத் தரையில் மட்டும் இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை.

டாஷ்போர்டு ஓரத்து எண்ணைப் பெரியவர் விரலால் துடைத்துப் படித்தார். 'விஎல்29ஜி0பி'. வி என்றால் வேலியன்ட் வரிசை, எல் குறைந்த விலை வகை, 29 இரண்டு கதவு, ஜி 318 கன அங்குல வி8, 0 என்பது 1970. கடைசி எழுத்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பி என்றால் ஹாம்ட்ராமக். அவர் ஆலை.

6,500 டாலருக்குப் பேசி முடித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

அலுவலக நண்பர், 340 எஞ்சின் இருந்தால்தான் டஸ்டர் மஸில் கார், 318 சாதா வண்டி என்றார். ஆலைக் கணக்கில் 340-க்கு 275 குதிரைத்திறன், இதற்கு 230. வித்தியாசம் உண்டுதான். ஆனால் இரண்டும் ஒரே எஞ்சின் குடும்பம், பாடியும் ஒன்றே. கெட்டித் தகடு கையில் இருக்கிறது, வேகத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இதை முடித்து ஓட்டுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. மற்ற மூன்றிலும் அது வரவில்லை. ஒரு குறை, மஸ்டாங் போல எல்லா உதிரியும் கிடைக்காது. வெளிப்பக்க மின்னும் பட்டைகளை உடைக்காமல் கழற்ற வேண்டும்.

அக்டோபர் 19, சனி

வண்டி கராஜுக்கு வந்தது. ஜாக்கி வைத்து வலப்பக்கச் சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். இடப்பக்கம் ஸ்பேனரில் ஏறி நின்றும் நட்டு அசையவில்லை. விளக்கைப் பிடித்திருந்த மகள், "அப்பா, போல்ட் முனையில எல்-னு எழுத்து இருக்கு, அந்தப் பக்கம் இல்லையே" என்றாள். அந்தக் காலத்து க்ரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்க மரை எதிர்த்திசையில் போகும். மாற்றித் திருப்பினேன். கிறீச்சென்று இளகியது.

நவம்பர் 3, ஞாயிறு

ஓட்டையைச் சுற்றித் துருவைச் சீவி, பளிச்சென்று தகடு தெரியும்வரை போனோம். பெரியவர் தானிய டப்பா அட்டையை ஓட்டை மேல் வைத்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வெட்டச் சொன்னார். மூன்றாவது அட்டைதான் பொருந்தியது. அதில் மகள் 'முன், வலது' என்று எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறாள். 18 கேஜ் தடிமன் தகடு வெள்ளிக்கிழமை வருகிறது. சனிக்கிழமை வெல்டிங், தானே செய்வதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.