மயக்க ஊசிக்கு முன் ஒரு கேள்வி

"குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததுண்டா?"

இன்று பார்த்த ஆபரேஷன் படிவம் ஒன்றில் இந்தக் கட்டம் காலி. தயவுசெய்து அதைக் காலியாக விடாதீர்கள்.

தொண்டையில் குழாய் இறக்க, தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி போடுவார்கள். ரத்தத்திலுள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும். 10 நிமிடத்துக்குள் மூச்சு திரும்பும். அந்த நொதிக்கான பிசிஎச்இ மரபணு 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரண்டு பிரதியும் பழுதென்றால் தசைகள் மணிக்கணக்கில் அசையாது. மயக்கம் தெளிந்தாலும் கண் திறக்க முடியாது, காது மட்டும் கேட்கும். அதனால்தான் ஊசியின் வேகம் அடங்கும்வரை வென்டிலேட்டரோடு மயக்கத்தையும் தொடர வேண்டும்.

ஆரிய வைசியர்களிடம் இந்த நொதிக் குறை மற்றவர்களைவிட சுமார் 100 மடங்கு அதிகம் என்று 2017-ல் வந்த தெற்காசிய மரபணு ஆய்வு குறிப்பிட்டது. தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்ததன் விளைவு. இதில் சாதிப் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை.

சீரம் கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கல்லீரல் நோய், கர்ப்பம், பூச்சிமருந்து விஷம் இவற்றாலும் அளவு குறையும், அதையும் சொல்லுங்கள். குறைவென்றால் அதற்குப் பதில் ரோக்குரோனியம் என்ற வேறொரு தசைத் தளர்த்தி கொடுக்கலாம், அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது.

ஒருவருக்கு இந்த மரபணுப் பழுது இரண்டு பிரதியிலும் இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.