தீர்ப்பு வந்த வாரம்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

29 செப்டம்பர் 2022, வியாழன்

மத்தியானம் டிவியில் எல்லாச் சேனலிலும் ஒரே செய்தி. கல்யாணம் ஆகாத பெண்களும் 24 வாரம் வரை கருவைக் கலைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா என மூன்று நீதிபதிகள். வழக்குப் போட்ட பெண்ணுக்கு 25 வயது. விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். கூட இருந்தவன் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று விட்டுப் போய்விட்டான். ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் முடியாது என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு வழி செய்தது. இன்றைக்கு வந்தது முழுத் தீர்ப்பு.

"ஆக, இனிமே எல்லாத்தையும் அவுத்து விட்டாச்சு" என்றார் கொழுந்தனார். போன 17ஆம் தேதிதான் பெரியார் சிலைக்கு மாலை போட்டுவிட்டு வந்தவர். கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் உடம்பையும் வறுமையையும் காரணம் காட்டியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று சொன்னவர் பெரியார் என்று நினைவுபடுத்தினேன். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் கிண்ணத்தை நீட்டினார். சரி என்று வாயில் போட்டுக்கொண்டேன்.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்குத்தான் ஏதோ புதிதாக அனுமதி கொடுத்ததுபோல் ஊர் பேசுகிறது. சட்டம் 1971லிருந்து இருக்கிறது. 2021 திருத்தத்தில் 'கணவர்' என்ற இடத்தில் 'இணையர்' என்று மாற்றியபோதே, 20 வாரம் வரை கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் போய்விட்டது. 20லிருந்து 24 வரைதான் சிக்கல். வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயது ஆகாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பமாக இருக்கும்போது கணவனை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள் என்று ஒரு பட்டியல். காதலன் ஓடிப்போனவள் அதில் இல்லை. அவளை மட்டும் வெளியே நிறுத்துவது சமத்துவத்துக்கு விரோதம் என்பதுதான் தீர்ப்பு. மதுரையில் வக்கீலாக இருக்கும் தம்பி மகளிடம் முழுசாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

30 செப்டம்பர், வெள்ளி

சாயங்காலம் கொலு பார்க்க ஆச்சி வீட்டுக்குப் போனேன். நகரத்தார் (செட்டியார்) குடும்பம். பழைய வீடு, முகப்பில் ஆத்தங்குடிக் கல். வெள்ளைப் பணியாரமும் சுண்டலும் கொடுத்தார்கள். அங்கேயும் தீர்ப்புதான்.

ஆச்சியின் பேத்தி ஹூஸ்டனில் இருக்கிறாள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973ல் கொடுத்த உரிமையைப் போன ஜூன் 24ஆம் தேதி திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து டெக்சாஸில், தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர, கருக்கலைப்பே கூடாது. "அவ்வளவு பெரிய தேசம், பின்னால போகுது. நம்ம ஊரு முன்னால போகுது. எது சரின்னு தெரியலை" என்றார் ஆச்சி.

கொலுவுக்கு வந்திருந்த ஒரு அம்மா குறுக்கே வந்தார். "வேண்டாம்னா பெத்து யாருக்காவது குடுத்திரலாம்ல? உங்கள்ல பிள்ளை கூட்டிக்கிறது, அதான் தத்தெடுக்கிறது, உண்டே?"

ஆச்சி சிரித்துவிட்டார். "அதுக்கு அதே கோயில், அதே பிரிவாப் பாக்கணும். யாரு எவருன்னு தெரியாத பிள்ளையைக் கூட்டிக்கிட்டா பங்காளிக விடுவாகளா? கடல் தாண்டித் தொழிலுக்குன்னு கொண்டுவிக்கப் போன ஆம்பளைகளுக்கு மூணு வருசக் கணக்கு. இங்க இருந்த பொம்பளைகளுக்கு என்ன கணக்குன்னு யாரு எழுதி வச்சா?"

அப்புறம் அவராகவே சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில், இரண்டாங்கட்டில் வேலை பார்த்த ஒரு பெண். புருஷன் செத்து இரண்டு வருஷம். கருவைக் கலைக்க யாரோ எருக்கங்குச்சி வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாள். சட்டம் வருவதற்கு முன்னால் நடந்தது. "வயித்து வலின்னு சொல்லித் தூக்குனாக. எல்லாருக்கும் தெரியும்."

எருக்கங்குச்சியை நானும் பணியில் சேர்ந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் 'அவுத்து விட்டாச்சு' என்ற பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கிறது. வேண்டாம் என்று முடிவெடுத்தவள் எப்படியாவது கலைத்துக்கொள்கிறாள். டாக்டரிடமா, வேறு எங்கேயா என்பதைத்தான் சட்டம் மாற்றியது.

1 அக்டோபர், சனி

தீர்ப்பு வந்து சேர்ந்தது. ஆங்கிலம். தம்பி மகள் போனிலேயே முக்கியமான இடங்களைப் படித்து விளக்கினாள். இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை வன்புணர்வு என்பதில் கணவன் செய்வதும் அடங்கும் என்கிறது. நேற்று கொலுவில் இதை எடுத்தபோது அத்தனை பெண்களும் தாம்பூலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிவியில் யாரும் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. சட்டம் கேட்காததையெல்லாம் டாக்டர்கள் கேட்கக் கூடாது: வீட்டார் சம்மதம், ஆதாரக் காகிதம், கோர்ட் உத்தரவு. 18 வயது முடிந்த பெண் என்றால் அவள் கையெழுத்து போதும். எங்கள் பக்கத்துக்கு இந்த வரிதான் தீர்ப்பே. நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கல்யாணமாகி இரண்டு, மூன்று பெற்றவர்கள். டாக்டரைப் பார்க்கும் முன்பே கவுன்டரில் "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதை வேலையில் இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் கலைப்பார்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன்: உரிமை என்று தீர்ப்பு சொன்னாலும், சட்டத்தில் சாவி டாக்டர் கையில்தான். 20 வாரம் வரை ஒரு டாக்டர், 24 வரை இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் வேண்டாம் என்பது மட்டும் போதாது. அதை இந்தத் தீர்ப்பும் மாற்றவில்லை.

2 அக்டோபர், ஞாயிறு

காந்தி ஜெயந்தி, கிராம சபை. சுகாதார நிலையத்தில் ஒரு போர்டு வைக்கச் சொல்லிக் கேட்டேன். கருக்கலைப்பு சட்டப்படி செய்யலாம், கணவர் கையெழுத்து தேவையில்லை, அவ்வளவுதான். ஸ்கேன் சென்டரில் எல்லாம் 'பாலினம் கண்டறிவது குற்றம்' என்று போர்டு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்துக் கலைப்பதே குற்றம் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் மருந்துக்கடைகளும் மாத்திரை வாங்கி வைப்பதில்லை.

"விசயம் சரிதாங்க்கா. ஆனா இங்க வச்சுப் பேச வேணாமே" என்றார் தலைவர். அடுத்துக் கண்மாய்க் கரை பற்றிய பேச்சுக்குப் போய்விட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

3 அக்டோபர், திங்கள்

சந்தை நாள். கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைக்கார அம்மா மெதுவாகக் கேட்டார். "புருசன் கையெழுத்து வேணாம்னு கிராம சபையில சொன்னீகளாமே, நெசமா?"

அவர் மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. சின்னது இன்னும் பால் குடிக்கிறது. மகன் லீவுக்கு வந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். அவருக்கும் சம்மதம்தான். ஆஸ்பத்திரியில் நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். சிங்கப்பூரிலிருந்து! ஒன்பது வாரம் தாண்டினால் மாத்திரையில் முடியாது. நான் கூட வருகிறேன் என்றேன். அந்தம்மா கீரைக்குக் காசு வாங்கவிடவில்லை.

7 அக்டோபர், வெள்ளி

பூஜை, விடுமுறை எல்லாம் முடிந்து இன்றுதான் போக முடிந்தது. யார், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். பெண்ணின் பெயரை டாக்டர் வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை உண்டு. அந்த மரியாதை எனக்கும் இருக்க வேண்டும்.

கவுன்டரில் அதே கேள்வி. படிவத்தை வாங்கிக் காட்டினேன். அதில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. கவுன்டரில் இருந்த பிள்ளை எழுந்து போய் டாக்டரை அழைத்துவந்தது. டாக்டரம்மா சண்டை போடவில்லை. "எனக்குச் சட்டம் தெரியும்மா. நாளைக்கு மாமனாரும் மச்சானும் வந்து ஜன்னலை உடைச்சா யாரு வந்து நிப்பா? அதுக்குத்தான் வாங்கி வச்சுக்கறோம்." பொய்யில்லை, அப்படி நடந்த இடங்கள் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது ஏன் இந்தப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

எட்டு வாரம், சில நாட்கள். மாத்திரையே போதும். காப்பர்-டி போட்டுக்கொள்கிறாயா என்று டாக்டர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வற்புறுத்தவில்லை. அவளே கையெழுத்துப் போட்டாள். திரும்ப என்றைக்கு வர வேண்டும், எவ்வளவு ரத்தம் போனால் உடனே வர வேண்டும் என்பதைப் பஸ்ஸில் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். மாமியாரிடமும் சொல்லியிருக்கிறேன்.