வெள்ளை வண்டி பளபளக்க வாக்ஸா, சீலன்டா?

கறுப்பு வண்டிக்கு வாக்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதே டப்பா வாக்ஸை வெள்ளை வண்டிக்குப் போட்டால், போட்டவருக்கே வித்தியாசம் தெரியாது. டப்பாவைத் திட்டிப் பயனில்லை, காரணம் பெயின்ட்டில் இருக்கிறது.

நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பெயின்ட் படலமான கிளியர் கோட் மேல் நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதம்தான் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பி வரும். நாம் பளபளப்பு என்று சொல்வது அதைத்தான். கறுப்பில் மீதி வெளிச்சத்தை நிறமே விழுங்கிவிடுவதால் அந்த 4 சதவீதம் தனித்துத் தெரிகிறது. வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு மீதி வெளிச்சத்தையும் நாலாபக்கமும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அந்த வெள்ளத்தில் கண்ணாடிப் பளபளப்பு ஆற்றில் கரைத்த புளிதான். கார்னூபா என்ற பனை மெழுகில் செய்த வாக்ஸின் பெருமையே நிறத்துக்கு ஆழம் கொடுப்பது. வெள்ளையில் ஆழம் காட்ட என்ன இருக்கிறது?

சில்வர், வெளிர் சாம்பல் மாதிரி மெட்டாலிக் நிறங்களின் கதை கொஞ்சம் வேறு. அங்கே மின்னுவது பெயின்ட்டுக்குள் இருக்கும் அலுமினியத் துகள்கள். மேலே உள்ள படலம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு மின்னும். எண்ணெய்ப் பசையுள்ள வாக்ஸ் அதை லேசாக மங்கடிக்கும், செயற்கை பாலிமரால் ஆன சீலன்ட் கூர்மையாக விடும் என்பது என் கணிப்பு. ஆக, வெளிர் நிற வண்டி எதுவானாலும் என் ஓட்டு சீலன்ட்டுக்கு. ஆனால் வெள்ளை வண்டி பளிச்சென்று தெரிவதில் பெரும்பங்கு மேலே பூசுவதில் இல்லை, அதற்கு முன் எவ்வளவு அழுக்கை எடுத்தோம் என்பதில் இருக்கிறது.

வாட்டர் வாஷ் முடிந்து காய்ந்த வெள்ளை வண்டியின் டிக்கி, பின் பம்பர் பக்கம் குனிந்து பாருங்கள். கடுகில் பாதி அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். பாடி துருப்பிடிக்கிறது என்று பலர் பயந்துபோவார்கள். பெரும்பாலும் அது பிரேக் தேய்மானத்திலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்து கிளியர் கோட்டில் குத்தி நின்ற இரும்புத்தூள். துருப்பிடிப்பது அந்தத் தூள்தான். ஷாம்புவுக்கு அது அசையாது. அதன் மேல் எந்த வாக்ஸ் போட்டாலும் புள்ளியை மூடி போட்டுப் பத்திரப்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

இதற்கு அயர்ன் ரிமூவர் வேண்டும். வண்டியைக் கழுவி, ஈரத்தோடு, நிழலில், பேனல் கைக்குச் சூடாக இல்லாதபோது அடிக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஊதா நிறமாகக் கசிந்து ஒழுகும். வெள்ளையில் இதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. இதில் இருக்கும் தையோகிளைகோலேட் உப்பின் குடும்பம்தான் முடி நீக்கும் கிரீமிலும் இருக்கிறது, வாடையும் அதேதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய விடாதீர்கள். காய்ந்தால் ஊதாக் கறை பிடித்து, அதை எடுப்பது தனி வேலையாகிவிடும்.

சக்கரத்துக்குப் பின்னால் தெறித்திருக்கும் தார் புள்ளிக்குத் தார் ரிமூவர் போதும். மண்ணெண்ணெயும் கரைக்கும், ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், அந்த இடத்தை ஷாம்பு போட்டு மறுபடி கழுவியே ஆக வேண்டும். டீசல் வாஷ் என்று சில இடங்களில் வண்டி முழுக்க அடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு மின்னும், மூன்றாம் நாள் ஊர்ப் புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருக்கும்.

அடுத்தது கிளே பார், பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் மாதிரியான கட்டி. 100 கிராம் கட்டியில் கால்வாசி பிய்த்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மூடி கார் ஷாம்பு கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினால் வழுக்குத் தண்ணீர் தயார். பேனலை நன்றாக நனைத்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் சொரசொரவென்று சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது. சந்தேகமிருந்தால் கையை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டுத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த பானெட் கவருக்குள்ளிருந்து உப்புத்தாள் மாதிரி இருக்கும். கிளே பழுப்பாக மாற மாற மடித்துப் புதுப் பக்கத்தை எடுங்கள். தரையில் விழுந்த துண்டைக் குப்பையில் போடுங்கள், ஒட்டிக்கொண்ட ஒரு மணல் பரல் போதும், கோடு இழுக்க.

பாலிஷ் வேண்டுமா? சுழல் கீறல்கள் வெள்ளையில் எளிதில் கண்ணில் படாது. கிளே லேசாக விடும் மங்கலைப் போக்க ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சுற்று போதும். வருடத்துக்கு இரண்டு முறை ரப்பிங் காம்பவுண்ட் போடச் சொல்பவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் தேய்வது கிளியர் கோட், அது திரும்ப வளராது.

பாலிஷ் எண்ணெய் மிச்சமிருந்தால் சீலன்ட் பிடிக்காது. கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு பேனலாகத் துடைத்துவிடுங்கள்.

இப்போது சீலன்ட். மென்செர்னா பவர் லாக் மாதிரியான பாலிமர் சீலன்ட் எதுவானாலும் முறை ஒன்றுதான். ஃபோம் அப்ளிகேட்டரில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு, அது பாதி பானெட்டுக்கு வரும். சின்ன ஹேட்ச்பேக் முழுவதற்கும் 20 முதல் 25 மில்லிக்கு மேல் செலவானால் தடிமனாகப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். பெயின்ட்டோடு ஒட்டுவது அடியில் இருக்கும் மெல்லிய படலம் மட்டும், மேலே இருப்பதெல்லாம் துணிக்குத்தான் போகும். 20 நிமிடம், ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் இன்னும் கொஞ்சம் கூட, காத்திருந்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம். இழுவினால் பொறுங்கள்.

வெள்ளை வண்டியில் எல்லோரும் சறுக்கும் இடம் இந்தத் துடைப்புதான். வெள்ளைப் படலம், வெள்ளை பெயின்ட், எங்கே பூசினோம் எங்கே துடைத்தோம் என்று கண்ணுக்குத் தெரியாது. விட்டுப்போன திட்டு இரண்டு நாளில் புழுதியை இழுத்துச் சாம்பல் நிற மேகமாகத் தெரியும். அப்போது குறை சொல்வது சீலன்ட்டை. இதற்கு வழி ஒழுங்காகப் போவது: கூரை, பானெட், வலப்பக்கம், டிக்கி, இடப்பக்கம். பூசிய பேனலில் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்று ஒட்டுங்கள், துடைத்ததும் பிய்த்துவிடுங்கள். துடைக்க அடர்நீல மைக்ரோஃபைபர் எடுத்தால் வெள்ளை மிச்சம் துணியில் தெரியும். கடைசியில் செல்போன் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பேனலோடு படுக்க வைத்து ஓட்டுங்கள். மிச்சமிருக்கும் இடம் எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி மங்கலாகக் காட்டிக்கொடுக்கும். காய்ந்து இறுகிப்போன திட்டுக்கு அதே சீலன்ட்டை ஒரு சொட்டு மேலே தடவி உடனே துடைத்தால் இளகி வந்துவிடும். அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பிறகு 12 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. இரண்டாவது கோட் போடுவதானால் மறுநாள். அது மினுமினுப்பைக் கூட்டுவதற்காக அல்ல, முதல் முறை விட்டுப்போன இடங்களைப் பிடிப்பதற்காக.

அப்படியானால் வாக்ஸுக்கு வேலையே இல்லையா என்றால், இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கிளியர் கோட் இல்லாத பழைய வெள்ளை வண்டி. காய்ந்த கறுப்புத் துணியால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி தூள் ஒட்டும். அந்த வறண்ட பெயின்ட் எண்ணெய்ப் பசையுள்ள வாக்ஸை உறிஞ்சி உயிர் பெறும், அங்கே சீலன்ட்டை விட வாக்ஸ்தான் ஜெயிக்கும். இரண்டு, சீலன்ட் மேல் ஒரு வாக்ஸ் கோட், ஆசைக்கு. வரிசையை மாற்றாதீர்கள், வாக்ஸ் மேல் சீலன்ட் ஒட்டாது. கொலினைட் 845 மாதிரி வாக்ஸும் பாலிமரும் கலந்தது என்றால் இந்தச் சண்டையே வேண்டாம்.

மஞ்சள் வாக்ஸ் போட்டால் வெள்ளை மஞ்சளாகிவிடும் என்பது வெறும் பயம். துடைத்தபின் மிஞ்சும் படலத்துக்கு நிறம் காட்டும் தடிமன் கிடையாது. பிரேசிலின் வடகிழக்கில் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னூபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் டப்பாவில் அதோடு கலந்திருக்கும் எண்ணெயும் கரைப்பானும் அவ்வளவு தாங்காது. நம் வெயிலில் ஒன்று, ஒன்றரை மாதம் நின்றால் நல்ல வாக்ஸ். வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியளவு வெள்ளை பேனல் சூடாவதில்லை என்பதால் கொஞ்சம் கூடவே நிற்கும். சீலன்ட் நாலு மாதம் தாராளமாக வரும்.

போர் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீலன்ட் போட்ட பேனலில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் படம் எடுக்கலாம், அப்படியே வெயிலில் காய விடக்கூடாது. ஒவ்வொரு முத்தும் தன் உப்பையெல்லாம் ஒரே புள்ளியில் இறக்கிவைத்துவிட்டுப் போகும். கழுவியதும் துடையுங்கள். படிந்துவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் போட்டு, கழுவிவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் சீலன்ட்டை மறுபடி தடவுங்கள்.

பட்டறையில் பெயின்ட் அடித்த பம்பர், கதவு இருந்தால் அதை மட்டும் இரண்டு மாதம் எதுவும் பூசாமல் விட்டுவைக்க வேண்டும். உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளுக்கு முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். மறந்து வெள்ளையாகப் படிந்துவிட்டால், பள்ளிக்கூடப் பையன் டப்பாவிலிருந்து ஒரு பென்சில் ரப்பரை எடுத்து அழியுங்கள், போய்விடும்.