ஆப் தானாக மூடிக்கொள்கிறதா? புதுப் போன் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

அண்ணன் போன் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. சரிசெய்ததற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் பட்ட அலைச்சலும், வெட்டியாகக் கொடுத்த காசும், வேலை கெட்ட நாட்களும் இன்னும் மனதில் எரிச்சலாக இருக்கின்றன. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கடலுக்குப் போகிற பலரிடமும் இதே புலம்பலைக் கேட்டுவிட்டேன். யாராவது ஒருவருக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணன் குந்துக்காலில் இருந்து பைபர் வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறவர். தனி ஜிபிஎஸ் கருவி வாங்க இன்னும் கை கூடவில்லை, போன்தான் எல்லாம். போன வழியைக் கோடாகப் பதிந்துகொள்ளும், வலை போட்ட இடத்தைக் குறித்து வைக்கும், எல்லை நெருங்கினால் சத்தம் கொடுக்கும் ஆப் ஒன்றை வைத்திருக்கிறார். பிரச்சினை என்னவென்றால், திரை அணைந்து போன் பைக்குள் போன கொஞ்ச நேரத்தில் ஆப் செத்துவிடும். எடுத்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் இருந்து புதிதாகத் திறக்கும். ஒருநாள் பதிவை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தோம். குந்துக்காலில் கிளம்பிய கோடு சற்றுத் தூரத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் அவர் போனைத் திறந்து பார்த்த இடத்துக்கு ஒரே நேர்கோடாகத் தாவியிருக்கிறது. அந்தக் கோடு குருசடைத் தீவின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. இடையில் ஒரு புள்ளிகூடப் பதிவாகவில்லை.

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், இருக்கும்வரை இது வலையைத் தேடி அலைகிற தொல்லை மட்டும்தான். தென்மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் கலங்கிவிடும், வள்ளங்கள் வடகடலான பாக் விரிகுடாவுக்கு மாறிவிடும். அங்கே 1974-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட எல்லைக் கோடு எவ்வளவு பக்கம் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சத்தம் கொடுக்க வேண்டிய ஆப் பைக்குள் செத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று மதினி தினமும் கேட்பார். காற்று மாறுவதற்குள் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று நின்றோம்.

முதலில் போனது பக்கத்து மொபைல் கடை. போனை வாங்கிப் பார்த்த தம்பி, ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது, படங்களையும் வீடியோக்களையும் அழியுங்கள் என்றார். மதினி மனசே இல்லாமல் மகளின் புதுநன்மைப் படங்களையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அழித்தார். பலன் சுத்தமாக இல்லை. படமும் வீடியோவும் கிடக்கிற இடம் வேறு. ஆப் ஓடும்போது தேவைப்படுகிற ரேம் வேறு. ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிறைந்தால் போன் மந்தமாகும், அது உண்மை. அதற்காகப் படத்தை அழித்தால் ரேம் கூடிவிடாது. கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ரேமைச் சுத்தம் செய்கிறது என்று ராக்கெட் படம் போட்ட ஒரு பூஸ்டர் ஆப்பையும் போட்டுக் கொடுத்து அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். அன்றில் இருந்து நிலைமை மோசமானது. அந்த பூஸ்டருக்கு வேலையே பின்னால் ஓடுகிற ஆப்களை மூடுவதுதான். மூடப்பட்ட ஆப் திரும்ப எழுந்திருக்கும்போது முன்னைவிட அதிக மின்சாரமும் நேரமும் தின்னும். போதாததற்கு பூஸ்டரே எந்நேரமும் ரேமில் உட்கார்ந்து விளம்பரம் காட்டும். உங்கள் போனில் இப்படி ஒன்று இருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன் நீக்கிவிடுங்கள்.

அடுத்து ராமநாதபுரத்தில் அந்த போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். டோக்கன் வாங்கி, மதியம் வரை காத்திருந்து, கவுண்டருக்குப் போனால் முதல் கேள்வி: பில் எங்கே? வாரன்ட்டி முடிந்த போன், காசு கொடுத்துப் பார்க்கிறோம் என்று சொன்னோம். பில் இல்லாமல் சிஸ்டத்தில் ஏற்ற முடியாது என்றார் அங்கிருந்தவர், முகத்தை நிமிர்த்தாமலேயே. பாம்பனில் இருந்து உச்சிப்புளி வழியாகப் பேருந்தில் வந்து, ஒரு நாள் தொழிலையும் விட்டுவிட்டு, அப்படியே திரும்பினோம். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது கவுண்டரில் இருந்த பெண் அதைக் கையில்கூட வாங்கவில்லை. வாரன்ட்டி முடிந்த போனுக்கு ஐஎம்இஐ எண் போதும் சார் என்றார். ஒவ்வொரு போனுக்கும் உள்ள அந்தத் தனி அடையாள எண் *#06# அடித்தால் திரையிலேயே வந்துவிடும். போவதற்கு முன் போன் போட்டு, என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு, சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போனை உள்ளே கொண்டுபோய் என்ன பார்த்தார்கள் என்று தெரியாது. ஃபேக்டரி ரீசெட் செய்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்கள். டேட்டா போனால் நிறுவனம் பொறுப்பல்ல என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. இங்கேதான் எங்களுக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. கிளம்புவதற்கு முந்திய இரவே, அந்த ஆப்பில் அண்ணன் வருஷக்கணக்கில் குறித்து வைத்திருந்த பார், மடை, வலை போடும் இடம் அத்தனையையும் ஜிபிஎக்ஸ் என்கிற இடக்குறிப்புக் கோப்பாக வெளியே எடுத்து மதினி போனுக்கு அனுப்பி வைத்திருந்தேன். இல்லாவிட்டால் அவ்வளவும் அன்றே போயிருக்கும். இந்த மாதிரி ஆப்களில் பெரும்பாலும் எக்ஸ்போர்ட் என்று ஒரு வசதி இருக்கும். போனை யார் கையிலும் கொடுக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

ரீசெட் முடிந்து, போன் நார்மல், ரேம் கம்மி, மாற்றிவிடுவது நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் கடலில் ஆப் பழையபடி செத்தது.

வழி கிடைத்தது வீட்டில்தான். ஒரு ராத்திரி ஆப்பை ஓடவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பதிவு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது! சார்ஜைப் பிடுங்கித் திரையை அணைத்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ரேம் மட்டுமே காரணம் என்றால் சார்ஜரில் இருந்தாலும் சாக வேண்டும் அல்லவா?

விஷயம் இதுதான். பின்னால் ஓடுகிற ஆப் மூடப்படுவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, உண்மையிலேயே ரேம் தட்டுப்பாடு. அப்போது ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, கடைசியில் உள்ளதில் இருந்து மூடிக்கொண்டே வரும். காற்றில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் எதை முதலில் கடலில் எறிவது என்று பார்ப்போமே, அதே கணக்கு. திரையில் இருப்பதைக் கடைசிவரை தொடாது. மேலே அறிவிப்புக் காட்டிக்கொண்டு ஓடுவதை லேசில் தொடாது. திறந்துவிட்டு மறந்துபோனவை முதலில் போகும். இரண்டாவது காரணம் பேட்டரி சேமிப்பு. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் டோஸ் என்ற ஏற்பாடு வந்தது. சார்ஜர் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால் ஆப்களின் வேலையை அது கட்டுப்படுத்தும். அடுத்த பதிப்பில் போன் அசைந்துகொண்டிருந்தாலும் ஓரளவு கட்டுப்படுத்துகிற மாதிரி ஆக்கினார்கள். அதற்கு மேல் போன் கம்பெனிகள் பல, சார்ஜ் நிறைய நேரம் நிற்கிறது என்று காட்டுவதற்காகத் தங்கள் பங்குக்கு ஆப்களைக் கொல்கிற ஏற்பாட்டைச் சேர்த்துவிடுகின்றன. எங்களை அலைக்கழித்ததில் பெரும்பங்கு இதற்குத்தான். 

அதனால் முதலில் எது காரணம் என்று பாருங்கள். சார்ஜரில் பிழைத்து, பேட்டரியில் சாகிறது என்றால் செட்டிங்கில்தான் கோளாறு. கேமராவைத் திறந்து வீடியோ எடுத்துவிட்டு, அப்படியே ஒரு வாட்ஸ்அப் வீடியோ கால் பேசிவிட்டுத் திரும்பி வந்தால் ஆப் முதல் பக்கத்தில் நிற்கிறது, சார்ஜரில் இருந்தாலும் அப்படித்தான் என்றால் ரேம் பக்கம் பாருங்கள். அண்ணன் போனில் பேட்டரி செட்டிங் கோளாறு பெரிதாகவும் ரேம் தட்டுப்பாடு கொஞ்சமாகவும் இருந்தது.

பேட்டரி பக்கம் நான் செய்தவை: அந்த ஆப்பின் தகவல் பக்கத்துக்குப் போய் பேட்டரியை அன்ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றினேன். லொகேஷன் அனுமதியை எல்லா நேரமும் என்று வைத்தேன். நாளாகப் பயன்படுத்தாத ஆப்பின் அனுமதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விருப்பம் அதே பக்கத்தின் அடியில் இருக்கும், அதை அணைத்தேன். ஆப் தானாக எழுந்து ஓட அனுமதிக்கும் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்தேன். அப்புறம், சமீபத்தில் திறந்த ஆப்கள் வரிசையில் அந்த ஆப்பை அழுத்திப் பிடித்துப் பூட்டுப் போட்டேன். இந்தப் பூட்டு மிக முக்கியம். அண்ணனுக்கு வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக மூடுகிற பழக்கம் உண்டு, சார்ஜ் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சில கம்பெனி போன்களில் அந்த வரிசையில் இருந்து தள்ளிவிட்டாலே ஆப் முழுசாக நின்றுவிடும், அறிவிப்பு இருந்தாலும் சரி. பூட்டிய ஆப் மொத்தமாக மூடும்போதும் தப்பிக்கும்.

ஆப்பின் அறிவிப்பை எரிச்சல் என்று அணைத்துவிடாதீர்கள். அது மேலே நிற்கிறதா என்று பார்த்தாலே பதிவு ஓடுகிறதா இல்லையா என்று திறக்காமல் தெரிந்துவிடும்.

ரேம் பக்கம் செய்ய முடிவது குறைவு. 4 ஜிபி போனில் பாதிக்கு மேல் போனின் சொந்த வேலைக்கே போய்விடும். தேவையில்லாத ஷாப்பிங், வீடியோ ஆப்களை நீக்கினேன், பேஸ்புக்குக்குப் பதில் பேஸ்புக் லைட் போட்டேன். ரேமைக் கூட்டிக் காட்டும் வசதி ஒன்று இப்போது பல போன்களில் வருகிறது. அது ஸ்டோரேஜில் கொஞ்சம் எடுத்து ரேம்போல் பயன்படுத்துவது, வேகத்தில் உண்மையான ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. அண்ணன் போனில் அதை அணைத்த பிறகுதான் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது. உங்கள் போனில் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று. போனை வேகமாக்குகிறேன் என்று சிலர் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் கை வைத்துவிடுகிறார்கள். மதினியின் தம்பி போனில் எந்த ஆப்பை விட்டு வெளியே வந்தாலும் திரும்பப் போகும்போது முதலில் இருந்தே ஆரம்பித்தது. பார்த்தால், டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ் என்பது ஆனாகி இருந்தது. அது ஆப் எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கு வைத்தது, நமக்கு வேண்டியதே இல்லை. அதை அணைத்ததும் சரியாகிவிட்டது. பேக்கிரவுண்ட் ப்ராசஸ் லிமிட்டும் ஸ்டாண்டர்டு என்றே இருக்கட்டும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். பேட்டரி சேவர் ஆனாகிவிட்டால் பல போன்களில் திரை அணைந்ததும் ஜிபிஎஸ்ஸே நின்றுவிடும், ஆப் உயிரோடு இருந்தும் பயனில்லை. சார்ஜ் இறங்கியதும் அது தானாக ஆனாகிற மாதிரி வைத்திருக்கக் கூடாது. சார்ஜ் நிற்க வேண்டும் என்றால் பவர் பேங்க் கொண்டு போங்கள். டவர் எட்டாத இடத்தில் போன் சிக்னல் தேடியே பேட்டரியைத் தின்னும். அங்கே ஏரோபிளேன் மோடு போடலாம், இப்போதுள்ள ஆண்ட்ராய்டு போன்களில் ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். ஆனால் அந்த நேரம் யாரும் உங்களைக் கூப்பிட முடியாது என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். டவர் இல்லாமல் ஜிபிஎஸ் முதல் இடத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும், அதனால் கரையில் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து இடம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். எவ்வளவு செய்தாலும் எல்லைப் பக்கம் போகும்போது போனை மட்டும் நம்பாமல், கருவி வைத்திருக்கும் வள்ளத்தோடு சேர்ந்து போவதே நல்லது. அண்ணனும் அப்படித்தான் போகிறார்.

இதே செட்டிங் வேறு போன்களில் வேறு பெயரில் இருக்கும். சாம்சங்கில் பேட்டரிக்குள் நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்ற பட்டியல் இருக்கும், அதில் சேர்க்க வேண்டும். ஸ்லீப்பிங், டீப் ஸ்லீப்பிங் பட்டியல்களில் உங்கள் ஆப் போய் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாவ்மியில் ஆட்டோஸ்டார்ட்டும், பேட்டரி சேவரில் நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸும். ஓப்போ, ரியல்மீயில் ஆட்டோ லாஞ்ச், பேக்கிரவுண்ட் ஆக்டிவிட்டி என்று தேடுங்கள். செட்டிங்கின் மேலே தேடும் கட்டத்தில் பேட்டரி என்று அடித்தாலே பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

சாப்ட்வேர் அப்டேட் வந்து போன் ரீஸ்டார்ட் ஆனால் இவற்றில் சில பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அதனால் அப்டேட் ஆன மறுநாள், வள்ளத்தில் ஏறும் முன், திரையை அணைத்து அரை மணி நேரம் சட்டைப் பையில் போட்டுக் கரையில் நடந்துவிட்டு, கோடு அறுபடாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.